பாறையில் வழி பார்ப்பவர்கள்

கொடைக்கானல் பசுமைப் பள்ளத்தாக்குக் காட்சிமுனையில் நிற்பவர்கள் எல்லோரும் ஒன்றையே தேடுவார்கள். மேகம் விலகும் நேரத்தில், ஏறத்தாழ ஐயாயிரம் அடி கீழே, வெயிலில் மினுங்கும் நீர்ப்பரப்பு தெரியும். “அந்தா தெரியுது பாரு, வைகை டேம்” என்று யாராவது கைநீட்டுவார்கள். செல்போன்கள் அந்தப் பக்கம் திரும்பும். தங்கள் காலுக்குக் கீழே இறங்கும் பாறைச்சுவரை அங்கிருந்து யாரும் பார்ப்பதில்லை. பார்க்கவும் வழியில்லை. அதைப் பார்க்க வேண்டுமென்றால் மலையிறங்கி, பெரியகுளத்தைத் தாண்டி, அந்த நீர்ப்பரப்பின் கரைக்கே வந்து, வடமேற்கே திரும்பி நிற்க வேண்டும்.

அணையைப் பற்றி நம் பக்கத்தாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1959 ஜனவரி 21 அன்று காமராஜர் திறந்துவைத்தது. 111 அடி உயரம். நீர் தேக்குவது 71 அடி வரை. வருகிறவர்கள் பூங்காவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பொரித்த மீன் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். எனக்கு அந்தக் கரை பிடித்ததற்குக் காரணம் வேறு. பழனிமலையின் தென்சுவரை முழு அகலத்துக்கும் விரித்துக் காட்டும் இடம் அது. பெரியகுளத்து மாந்தோப்புகள் முடிகிற இடத்தில், கடல்மட்டத்துக்கு மேல் முந்நூறு மீட்டர் அளவில் கிளம்பி, இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் கொடைக்கானல் விளிம்பில் போய் நிற்கிறது அந்தச் சுவர். காடு, புல்சரிவு, பாறை, மறுபடி காடு, மறுபடி பாறை என்று அடுக்கடுக்காக ஏறும். மழை ஓய்ந்து, காற்றில் தூசி அடங்கிய மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து ஓடும். அந்த வெயில் காலையில் ஒரு பக்கமாகவும் மாலையில் மறுபக்கமாகவும் சுவரை உரசிக்கொண்டு விழும். நடுப்பகலில் ஒரே சாம்பல் பரப்பாகக் கிடந்த பாறையில், அப்போது விளிம்புகளும் வெடிப்புகளும் ஒவ்வொன்றாக நிழல் கட்டி எழுந்து வரும். பாறையேற்றத்துக்குப் புதுவழி தேடுகிறவனுக்கு இதைவிடப் பெரிய காட்சி கிடையாது.

பாறையேறிகளை உலகம் கொண்டாடுகிறது. டோக்கியோவிலிருந்து ஒலிம்பிக்கிலேயே அதற்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் ‘இங்கே ஏற முடியும்’ என்று முதலில் கண்டவரை யாரும் கேட்பதில்லை. வெறும் பாறைப்பரப்பில் ஒரு கை, ஒரு கால், அடுத்த கை என்று அடிமுதல் முடிவரை அறுந்துபோகாமல் தொடரும் பிடிகளின் வரிசையைத்தான் ஏறிகள் ரூட் என்கிறார்கள். பிடிகள் மனிதன் வருவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே இருக்கின்றன. அவற்றை ஒருவர் வரிசையாகக் கோத்துப் பார்க்கும்வரை ரூட் மட்டும் இல்லை. ஏறுவதற்கு விரல் வலிமை உதவும், பயிற்சி உதவும், துணிச்சல் உதவும். பார்ப்பதற்கு இவை எதுவும் கைகொடுக்காது. இரண்டில் பார்ப்பதுதான் அரிய கலை என்பது என் தீர்மானமான கருத்து.

கிரேக்கத்தில் கலிம்னோஸ் என்றொரு தீவு உண்டு. கடலில் மூழ்கிக் கடற்பஞ்சு எடுத்துப் பிழைத்த மக்களின் தீவு. ஊருக்கு மேலே சுண்ணாம்புப் பாறைச் சுவர்கள் தொன்றுதொட்டு நிற்கின்றன. ஆடு மேய்ப்பவர்கள் அவற்றின் நிழலில் ஒதுங்கியிருப்பார்கள். 1996-இல் ஆந்த்ரேயா தி பாரி என்ற இத்தாலியப் பாறையேறி விடுமுறைக்கு அங்கே போனார். கடலைப் பார்க்கப் போன இடத்தில் பாறையைப் பார்த்தார். இன்று அந்தத் தீவில் ஆயிரக்கணக்கான ரூட்கள் இருக்கின்றன. உலகின் எல்லா மூலைகளிலிருந்தும் ஏறிகள் அங்கே போகிறார்கள். தீவின் பிழைப்பே மாறிவிட்டது. அங்கே அவர் புதிதாக எதையும் கொண்டுபோய் வைக்கவில்லை. கண்ணை மட்டும் கொண்டு போனார்.

புதுவழி தேடுகிறவர்கள் உலகெங்கும் சுண்ணாம்புப் பாறைக்கு ஏங்குவதில் நியாயம் இருக்கிறது. மழைநீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது சுண்ணாம்புப் பாறையைத் தின்றுகொண்டே இறங்கும். விரல் நுழையும் குழிகள், கை முழுதும் மறையும் பொந்துகள், கூர்மையான நீர்வரிகள் எல்லாம் அப்படி உண்டாகின்றன. கரைத்த சுண்ணாம்பை அதே நீர் வேறிடத்தில் படியவைக்கும். ஆந்திரத்துப் போரா குகைக்குள் தொங்கும் கூம்புகளைப் பார்த்திருப்பவர்களுக்கு அது தெரியும். அதே மாதிரி வழிந்து இறுகிய தூண்கள் திறந்த சுவரின் முகத்தில் நின்றால், கட்டிப்பிடித்து ஏறலாம். முன்னால் சாய்ந்த சுவரானாலும் சுண்ணாம்புப் பாறையில் பெரும்பாலும் பிடி கிடைத்துவிடும்.

நம் பக்கத்தில் சுண்ணாம்புக் கல் இல்லாமல் இல்லை. தாழையூத்திலும் பந்தல்குடியிலும் அரியலூரிலும் தோண்டி எடுத்துத்தான் சிமென்ட் ஆக்குகிறோம். ஆனால் அது நிலத்துக்கு அடியில் கிடக்கும் கல். சுவராக எழுந்து நிற்பதில்லை. கம்பம் பள்ளத்தாக்கைச் சுற்றி நிற்பது வேறு சாதிக் கல், சார்னோகைட். பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து இறுகி, மேலிருந்த பாறை தேய்ந்துபோன பிறகு வெளியே வந்தது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜோப் சார்னாக்கின் கல்லறைக்கு வைத்த பலகை சென்னைப் பல்லாவரத்துக் கல். தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் அந்தக் கல் வகையை ஆராய்ந்து, 1893-இல் சார்னாக்கின் பேரையே அதற்கு வைத்தார். புதிதாக உடைத்த முகத்தில் நீலம் கலந்த கருஞ்சாம்பல் நிறம், எண்ணெய் தடவிய மாதிரி ஒரு மினுமினுப்பு. வெயில்பட்ட மேல்தோல் பழுப்பு. அமிலநீர் இதை அவ்வளவு லேசில் தின்றுவிட முடியாது. குழிகளும் பொந்துகளும் இங்கே அரிது. இந்தக் கல் பிளக்கும், உரியும். நீளமான நேர்வெடிப்புகளும், தோல்தோலாகக் கழன்று நிற்கும் ஏடுகளும், சுண்டுவிரல் அகல விளிம்புகளும்தான் இது தரும் பிடிகள். சுண்ணாம்புப் பாறை தாராளமாகக் கொடுக்கிறது. சார்னோகைட்டிடம் தேடித்தான் எடுக்க வேண்டும். கண்ணுக்கு வேலை கொடுக்கும் கல் என்ற வகையில் எனக்கு இதன் மீது மதிப்பு அதிகம்.

தேடுவது தூரத்திலிருந்து தொடங்குகிறது. அணைக்கரையில் நின்றால் சுவர் இருபது கிலோமீட்டருக்கு அப்பால்; பிடி எதுவும் தெரியாது. சுவரின் எலும்புக்கூடு தெரியும். எந்தப் பாறை தனியாக நிற்கிறது, எந்த வெடிப்பு பாதியில் நிற்காமல் உச்சிவரை போகிறது, எந்த முகத்தில் எத்தனை மணிக்கு வெயில் ஏறுகிறது, மழைக்குப் பிறகு எங்கே அருவிக்கோடுகள் வெள்ளையாக இறங்குகின்றன என்பதெல்லாம் இங்கிருந்து பார்த்தால்தான் பிடிபடும். செயற்கைக்கோள் படத்தில் தேடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஆனால் நேர்க்குத்துச் சுவர் மேலிருந்து எடுத்த படத்தில் ஒரு கோடாகச் சுருங்கிவிடும். சர்வே வரைபடத்தில் உயரக்கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கிக் கறுத்துப்போன இடத்தைப் பார்த்தால் அங்கே செங்குத்து இருக்கிறது என்று தெரியும். அந்தச் செங்குத்து எப்படிப்பட்டது என்று தெரியாது. அதற்கு நேரில்தான் நிற்க வேண்டும்.

அடிவாரத்துக்கு வந்து பைனாகுலரை எடுத்தால் நிறம் பேச ஆரம்பிக்கும். கறுப்பு வரி என்றால் மழைக்காலத்தில் நீர் வழியும் தடம். ஈரத்தில் வளர்ந்த நுண்பாசிப் படலம். காய்ந்திருக்கும்போது சொரசொரப்பாக இருந்து காலைப் பிடிக்கும். ஒரு தூறல் விழுந்தால் அதில் நிற்க முடியாது. மஞ்சளும் செம்மஞ்சளும் கலந்த பரப்பு, மேலே பாறை துருத்தி நின்று மழையைத் தடுக்கிற இடம். பழுப்புத் தோல் இல்லாத கருஞ்சாம்பல் திட்டு எச்சரிக்கை. அண்மையில்தான் அங்கிருந்து ஒரு துண்டு பெயர்ந்து விழுந்திருக்கிறது. அடியில் புதுக்கற்கள் குவிந்திருக்கின்றனவா என்று உடனே பார்க்க வேண்டும். சுவரின் நடுவில் ஓர் இச்சிமரம் தொங்கினால், அதன் வேர் போகும் திசையில் மண் நிறைந்த வெடிப்பு இருக்கும். மரம் சின்னதாகவும் வேர் நீளமாகவும் இருந்தால் வெடிப்பு ஆழமாக இருக்கலாம். இவ்வளவையும் ஒரே பார்வையில் படிக்கிற சிலரைப் பார்த்திருக்கிறேன். வெகுநேரம் ஒன்றும் பேசாமல் நிற்பார்கள். கடைசியில் காற்றில் ஒரு விரலால் கோடு போட்டுக் காட்டுவார்கள். அந்தக் கோடு கீழிருந்து நேராக மேலே போகாது. ஓரிடத்தில் இடப்புறம் ஒதுங்கும், ஒரு விளிம்பில் படுத்துக்கொண்டு நகரும், திரும்பவும் எழும். அது ஏன் அங்கே ஒதுங்குகிறது என்று நமக்கும் புரிகிற கணம், கச்சேரியில் ராகம் பிடிபடுகிற கணம் போன்றது.

ஆனால் எந்தத் தூரமும் முழு உண்மையைச் சொல்வதில்லை. பிரான்ஸின் வெர்டோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அது தெளிவாகத் தெரிந்தது. அங்கே சுண்ணாம்புச் சுவர்கள் நூற்றுக்கணக்கான மீட்டர் உயரம். 1968-இல் ஜோயல் கொக்கினியோவும் ஃபிரான்சுவா கியோவும் கீழிருந்து ஏறிய ‘லா தெமாந்த்’ என்ற ரூட் பெரிய வெடிப்புகளையும் புகைபோக்கி போன்ற பிளவுகளையும் பற்றிக்கொண்டு போகிறது. கீழிருந்து பார்க்கிற கண்ணுக்கு வழி என்று தெரிவது வெடிப்புதான். மற்றதெல்லாம் வழுக்கைச் சுவர். சுவரின் மேல்விளிம்பில் கார் போகும் சாலை இருந்தது. அடுத்துவந்தவர்கள் அங்கே கயிற்றைக் கட்டி இறங்கிப் பார்த்தார்கள். வழுக்கை என்று நினைத்த பரப்பு முழுதும் மழைத்துளி செதுக்கிய சின்னச் சின்னக் குழிகள். பாறையேற்றத்தின் போக்கையே அது மாற்றியது. கொடைக்கானல் விளிம்பிலும் மேலே சாலை இருக்கிறது, கீழே காடு இருக்கிறது. கம்பித் தடுப்புக்கு ஒரு கை தூரத்தில், அநேகமாக ஒருவரும் நேருக்கு நேர் பார்த்திராத ஆயிரக்கணக்கான அடிப் பாறை தொடங்குகிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும்.

மூன்றாவது பார்வை கையால் பார்ப்பது. விரல்முட்டியால் ஒரு தட்டு. கணீரென்று கேட்டால் கல் மலையோடு சேர்ந்திருக்கிறது. தொம்மென்று கேட்டால் உள்ளே இடைவெளி. ஏடு கழன்று நிற்கிறது. சிலைக்குக் கல் தேர்ந்தெடுக்கும் ஸ்தபதிகள் ஓசையைக் கேட்டுத்தான் கல்லின் தரத்தை முடிவு செய்வார்கள். அதே காதுதான் இங்கேயும் வேண்டும். கழன்ற ஏட்டில் கயிற்றைத் தாங்கும் போல்ட் அடித்தால், விழுகிறவரின் கனத்தை ஏடு தாங்காது. மலை மாதிரி தெரிகிற ஒன்றுக்கும் மலைக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஓசையில் இருக்கிறது.

போல்ட் என்பதும் சாதாரண விஷயம் இல்லை. துளை போட்டு, உள்ளேயிருக்கும் தூசியைச் சுத்தமாக ஊதி எடுத்து, எஃகை இறக்கி முடுக்கினால், அடுத்து வருகிற முகம் தெரியாத ஒருவர் அதை நம்பித் தொங்குவார். தாய்லாந்தின் ராய்லே கடற்கரைச் சுண்ணாம்புச் சுவர்களில் துருப்பிடிக்காத எஃகு என்று நம்பி அடித்த போல்ட்கள், உப்புக்காற்றிலும் பாறையின் ரசாயனத்திலும் வெளியே தெரியாமல் உள்ளுக்குள் விரிசல் விட்டு ஒடிந்தன. அதன் பிறகுதான் டைட்டேனியம் போல்ட்களைப் பசையிட்டு ஒட்டும் முறை அங்கே வந்தது. பழையதை நம்பி ஏறும் ஆபத்து நம் முன்னோருக்குத் தெரியாததல்ல. மலைத்தேனுக்காக மூங்கில் கட்டிய ஏணியைச் சங்க நூல்கள் மால்பு என்கின்றன. மலைபடுகடாத்தில் அது வருகிறது. குறுந்தொகைப் பாட்டு ஒன்று, அந்த ஏணி பழையது என்று அறியாமல் ஏறியவனை உவமையாக எடுத்திருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே செங்குத்துப் பாறையில் ஏறி இறங்குவது இங்கே ஒரு தொழிலாகவும், அதன் நுணுக்கம் கேட்பவர்க்குச் சட்டென்று விளங்கும் செய்தியாகவும் இருந்திருக்கிறது.

அந்தத் தொழில் இன்றும் அற்றுப்போகவில்லை. பழனிமலைச் சரிவுகளிலும் வருசநாட்டு மலைகளிலும் வாழும் பளியர்கள் மலைத்தேன் எடுப்பவர்கள். கம்பம் பள்ளத்தாக்கில் செங்குத்துப் பாறையை முதலில் படித்தவர்கள் அவர்கள்தான். நாம் சுவரைப் பார்த்துப் பிடி தேடுகிறோம். அவர்கள் அடை தேடுகிறார்கள், அடையிலிருந்து பின்னோக்கி வழியைக் கட்டுகிறார்கள். கயிறு மேலே எந்த மரத்தில், கொடி எந்த விளிம்பில் உரசும், புகை எந்தப் பக்கம் போகும், கூடை எங்கே இறங்கும் என்பதையெல்லாம் தரையில் நின்றே முடிவு செய்தாக வேண்டும். தொங்கியபடி யோசிக்க நேரம் இராது. மேற்குத் தொடர்ச்சி மலையில் தேன் எடுக்கும் பல குடிகளிடம் ஒரு வழக்கம் சொல்லப்படுகிறது. மேலே கயிற்றைக் காப்பவன் மைத்துனனாக இருக்க வேண்டும். தன் உடன்பிறந்தவள் தாலியறுக்க அவன் விடமாட்டான் அல்லவா. ஏறுபவரின் உயிர் கயிற்றுக்கு மறுமுனையில் இருப்பவர் கையில் என்பது பாறையேற்றத்தின் முதல் பாடம். அதை உறவுமுறையாலேயே கட்டிப்போட்டிருக்கிறார்கள்.

மலைத்தேனீ தேர்ந்தெடுக்கும் இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அது பொந்துக்குள் கட்டுவதில்லை. திறந்தவெளியில், ஒற்றை அடையாக, சில சமயம் ஒரு மீட்டர் அகலத்துக்கு மேலும் தொங்கவிடும். எனவே மேலே பாறை மழையை மறைக்க வேண்டும், கரடியும் குரங்கும் எட்டக்கூடாது, பாறை உதிரக்கூடாது. துருத்திய, காய்ந்த, உறுதியான பாறையின் அடிப்பக்கம். பாறையேறி கனவு காணும் சுவரும் இதுவேதான். இன்னொருவரும் இதையே தேடியிருக்கிறார். மதுரையைச் சுற்றிய குன்றுகளில் சமண முனிவர்கள் தங்கிய குகைத்தளங்களுக்கு மேலே, மழைநீர் உள்ளே வழியாமல் சொட்டிவிழ, பாறையில் நீளமாகக் காடி வெட்டியிருப்பதைக் காணலாம். மாங்குளத்தில் தமிழி எழுத்தே அந்தப் பாறையில் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் உத்தமபாளையம் கருப்பணசாமி கோயில் பாறையில் தீர்த்தங்கரர்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். தேனீயும் முனிவரும் ஏறியும் ஒரே நிழலைத்தான் விரும்பியிருக்கிறார்கள். மூவரில் கடைசியாக வந்தவர் ஏறி. எழுத்தோ சிற்பமோ கோயிலோ உள்ள பாறையில் அவருக்கு வேலை இல்லை. இதில் விவாதத்துக்கே இடமில்லை என்று நினைக்கிறேன்.

போல்ட் அடிக்கக்கூடாத சுவரை விட்டுவிடத் தெரிவதும் இந்தக் கலையின் ஒரு பாகம். பாறை இடுக்கில் குஞ்சு பொரிக்கும் வல்லூறு, செங்குத்தையே வீடாகக் கொண்ட வரையாடு, அடைகட்டியிருக்கும் தேனீ, இவை எதுவும் கயிறு தொங்குவதைப் பொறுக்காது. பெங்களூருக்குப் பக்கத்தில் ராமநகரக் குன்றுகள் ஏறிகளுக்குப் பழக்கமானவை. அவற்றில் ராமதேவர பெட்டா 2012-இல் பாறுகளுக்கான சரணாலயமானது. பழனிமலையில் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013-இல் அறிவிக்கப்பட்டது. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே ஓர் அடி எடுத்துவைக்க முடியாது, வைக்கவும் கூடாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிச் சரிவில் புல் பற்றியெரிந்து, மலையேற வந்த இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டதைத் தேனி மாவட்டம் மறக்கவில்லை. ஆளுயரக் காய்ந்த புல், செங்குத்து, மேல்நோக்கி அடிக்கும் காற்று மூன்றும் ஒன்றுசேர்ந்தால் ஓட இடம் இருக்காது. சுவருக்குப் போகும் வழியையும் திரும்பும் வழியையும் பார்க்காமல் சுவரை மட்டும் பார்க்கிறவர் வழி பார்ப்பவர் இல்லை. பழனிமலைத் தென்சுவரில் ரூட் திறக்கும் எண்ணம் எனக்கு இல்லை. கண்ணால் அதில் ஏறுவதற்கு அணைக்கரை போதும்.

கையும் ஏற ஆசைப்பட்டால் ஆண்டிபட்டிப் பக்கம் காட்டுக்கு வெளியே சின்னச் சின்னக் கரடுகள் இருக்கின்றன. அப்படி ஒரு கரடு. எதுவென்று சொல்லாமல் விடுவது இந்தத் தொழிலில் மரபு. அடியிலிருந்து பத்தாள் உயரத்தில் பாறை அழகாகத் துருத்தி நிற்கிறது. நடுவில் செம்மஞ்சள் பரப்பு, கணீரென்ற கல், வரிசையாக மூன்று விளிம்புகள். விரலால் கோடு போட்டுக்கொண்டே போனபோது, துருத்தலின் அடிவயிற்றில் பிறை பிறையாகப் பழுப்புக் கறைகள் தெரிந்தன. தேனீ விட்டுப்போன மெழுகுத் தடம். கீழே பாறையில் மஞ்சள் பொட்டுகள், அவற்றின் எச்சம். மலைத்தேனீ இடம்பெயரும், ஆனால் ஆண்டுதோறும் அதே இடத்துக்குத் திரும்பி வரும். அந்தச் சுவருக்கு உரியவர்கள் இருக்கிறார்கள் என்று ஆனது. வலப்புறம் நெடுந்தூரம் தள்ளி, துருத்தல் முடிகிற மூலைக்கும் அப்பால், ஒரு நேர்வெடிப்பு உச்சிவரை போகிறது. பாறை அங்கே அவ்வளவு அழகில்லை. ஒரு கறுப்பு வரியும் குறுக்கே இருக்கிறது, மழைக்காலத்தில் ஏற முடியாது. வெடிப்பு கை முஷ்டி அகலம். அடியில் மட்டும் மண்ணைச் சுரண்ட வேண்டியிருக்கும். போல்ட் ஒன்றுகூடத் தேவைப்படாது.